பதிவாகாததை யார் சொல்வது?

வீட்டிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-இலும் ஜேவிசியின் விஎச்எஸ் 1976-இலும் கடைக்கு வந்தன. அன்றிலிருந்து மாறாமல் இருப்பது ஒன்று: பதிவு கெட்டுப்போனது பார்க்க உட்காரும்போதுதான் தெரியும். டைமரில் காலையும் மாலையும் மாறியிருக்கும். நாடா பாதியில் தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததில் கடிகாரம் பன்னிரண்டிலேயே நின்று மின்னிக்கொண்டிருக்கும். காரணம் எதுவானாலும் இயந்திரம் வாய் திறக்காது. இன்று அந்த இயந்திரம் ஒரு கணினி. அதன் சொந்தக்காரரின் சட்டைப் பையில் எந்நேரமும் இணையத்தோடு இணைந்த கைபேசி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செய்தி போக வழியும் இருக்கிறது. இருந்தும் பலருக்கு விஷயம் சனிக்கிழமை இரவு சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது என்றால், குறை வழியில் இல்லை. எதை அறிவிப்பது என்று நாம் தேர்ந்தெடுத்திருப்பதில்தான் இருக்கிறது.

எந்த அமைப்பைப் பற்றிய பேச்சு இது என்று முதலில் சொல்லிவிடவேண்டும். தமிழ்நாட்டில் பதிவு வசதி என்றால் டிடிஎச் நிறுவனம் கொடுக்கும் பெட்டிதான். ஒளிபரப்பு பூட்டப்பட்டிருக்கும், சாவி நிறுவனத்திடம் இருக்கும். எந்த அறிவிப்பு வரவேண்டும் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆன்டெனாவில் பூட்டில்லாத டிஜிட்டல் ஒளிபரப்பு இலவசமாகக் கிடைத்ததால், கணினியில் ட்யூனர் அட்டையைப் பொருத்தித் தாமே பதிவு அமைப்பைக் கட்டிக்கொள்ளும் ஒரு கூட்டம் அங்கே வளர்ந்தது. ஜெர்மனியில் கிளாஸ் ஷ்மிடிங்கர் 2000-இல் தொடங்கிய விடிஆர், அமெரிக்காவில் ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002-இல் தொடங்கிய மித்டிவி, பின்னர் வந்த டிவிஹெட்எண்ட் எல்லாம் அந்தக் கூட்டம் லினக்ஸில் எழுதிய பதிவு மென்பொருள்கள். ட்யூனரை வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பெட்டியாகவே வைக்கும் எச்டி ஹோம்ரன் வந்ததும் வேலை இன்னும் எளிதாயிற்று. பிளெக்ஸ் என்ற மென்பொருள் 2016-இல் பதிவு வசதியைச் சேர்த்துக்கொண்டபோது, லினக்ஸ் தெரியாதவர்களும் உள்ளே வந்தார்கள்.

செய்தி போகும் வழி கட்டங்கட்டமாக உருவானது. முதலில் மின்னஞ்சல். அடுத்து அமெரிக்கர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி: தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தன, அதற்கு அனுப்பினால் எஸ்எம்எஸ்ஸாகப் போய்ச் சேரும். செலவில்லை, செயலி தேவையில்லை. வீட்டு சர்வர்களில் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் இதை நம்பியே ஓடின. ஏடி அண்ட் டி 2025 ஜூன் 17 அன்று அந்த வாசலை மூடியது.

இன்றைய முறை ஆப்பிளிடமிருந்து வந்தது. ஐபோனின் மூன்றாம் பதிப்பு மென்பொருளோடு 2009 ஜூனில் ஆப்பிளின் புஷ் சேவை இயங்கத் தொடங்கியது. கூகுளின் சேவை 2010-இல் வந்து, 2012-இலும் 2016-இலும் பெயரும் உள்ளமைப்பும் மாறி இன்று ஃபயர்பேஸ் என்று அறியப்படுகிறது. உத்தி எளியது. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகத் தன் சர்வரோடு இணைப்பு வைத்திருந்தால் பேட்டரி அரை நாள் தாங்காது. ஆகவே கைபேசி, ஆப்பிளோடு அல்லது கூகுளோடு ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். எல்லாருடைய செய்தியும் அந்த ஒற்றைக் குழாய் வழியேதான் வரவேண்டும்.

வீட்டில் பதிவு அமைப்பு வைத்திருப்பவர் அந்தக் குழாயில் நேரடியாகக் கைவைக்க முடியாது. நடுவே ஓர் ஆள் வேண்டும். 2009-இலேயே ஐபோனுக்கு ப்ரோல் வந்தது. 2012-இல் வந்த புஷ்ஓவர் இன்றும் இந்த வட்டத்தில் செல்லப்பிள்ளை: ஒருமுறை சிறு தொகை கட்டினால் போதும், மாதம் 10,000 செய்திகள் வரை கட்டணமில்லை. வீட்டுக் கணினியிலிருந்து ஒரு வரி கட்டளை வெளியே போகும். வெளியிலிருந்து உள்ளே யாரும் நுழைய வேண்டியதில்லை என்பதால் ரவுட்டரில் எதையும் திறந்து வைக்கவும் வேண்டாம். டெலிகிராம் 2015-இல் பாட் வசதியைத் திறந்தபோது அதையே இதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். யாரையும் நம்பாமல் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ள கோட்டிஃபையும் என்டிஎஃப்ஒய்யும் இருக்கின்றன. வழி விஷயத்தில் சொல்ல வேறு அதிகமில்லை. எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

அந்த வழியில் எதை அனுப்புவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பதிவு மென்பொருள்கள் தங்கள் நிகழ்வுகளை வெளியுலகுக்குச் சொல்லும் முறை ஒன்றுக்கொன்று நெருக்கமானது. விடிஆர், பதிவு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் நாம் காட்டும் ஒரு ஸ்கிரிப்டை அழைக்கும். டிவிஹெட்எண்டில் பதிவு முடிந்ததும் ஓடவேண்டிய கட்டளையைக் கொடுக்கலாம். கோப்பின் பெயர், சேனல், தலைப்பு, பிழை ஏதாவது நேர்ந்ததா என்ற விவரம் எல்லாவற்றையும் அந்தக் கட்டளைக்குத் தரும். மித்டிவி 2010-இல் வந்த 0.23 பதிப்பில் நிகழ்வுகளுக்கென்று தனி அமைப்பையே சேர்த்தது. பதிவு தொடங்கப்போகிறது, தொடங்கிவிட்டது, முடிந்துவிட்டது, அழிக்கப்பட்டது, யாரோ பார்க்கத் தொடங்கினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையைப் பொருத்தலாம். பதிவு தடுமாறுகிறது என்ற நிகழ்வு பின்னாளில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்த வரிசையே ஒரு மனப்போக்கைக் காட்டுகிறது.

இவற்றில் பெரும்பாலானவை நடந்ததைச் சொல்பவை. நடந்ததைச் சொல்வது நிரல் எழுதுபவருக்கு எளிது: பதிவு முடியும் இடத்தில் நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். இந்த எளிமையால்தான் புதிதாக அமைப்பவர் எல்லாரும் முதலில் ‘பதிவு முடிந்தது’ என்ற அறிவிப்பை வைக்கிறார்கள். முதல் வாரம் அது குதூகலமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பெற்று ஒருவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. விளம்பரங்களை வெட்டி, கோப்பைச் சுருக்கி, ‘பார்க்கத் தயார்’ என்று வரும் அறிவிப்புக்காவது ஒரு பயன் உண்டு. வெறும் ‘முடிந்தது’ சத்தம் மட்டுமே.

அறிவிப்பை எடைபோட என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது: அதைப் படித்த பிறகு இன்னும் ஏதாவது செய்ய நேரம் இருக்கிறதா? இந்த அளவுகோலை வைத்தால், மிக விலைமதிப்புள்ள செய்தி பதிவுக்கு முன்பே வருவது. இரண்டு ட்யூனர் இருக்கும் வீட்டில் புதன்கிழமை எட்டு மணிக்கு மூன்று நிகழ்ச்சிகள் மோதுகின்றன என்பது மித்டிவியின் திட்டமிடும் பகுதிக்கு நன்றாகவே தெரியும். நிகழ்ச்சி அட்டவணை பதினான்கு நாள் வரை முன்கூட்டியே கையில் இருக்கிறது. இரண்டு வாரம் அவகாசம் உள்ள சிக்கலை அது தன் திரையில் ஒரு வண்ணத்தில் குறித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். டெபியன் லினக்ஸில் மித்டிவி ஸ்டேட்டஸ் என்றொரு சிறிய கருவி உண்டு. மோதல், வட்டில் இடக்குறைவு போன்றவை இருந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பு, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள் என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். கவர்ச்சி எதுவுமில்லாத கருவி. என்றாலும் இந்தத் துறையில் அறிவிப்பு என்றால் என்னவென்று சரியாகப் புரிந்துகொண்டவர் எழுதியது.

அடுத்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது. கோப்பு உருவாகிவிட்டது என்பதால் பதிவு நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. அமெரிக்க ஏடிஎஸ்சி ஒளிபரப்பு முறையில் ஓர் அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட் சுமக்கிறது. ஒரே சேனல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 8.7 கிகாபைட் ஆகும். துணைச் சேனல்களும் அதில் பங்கு கேட்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் ஒரு மணி நேர எச்டி நிகழ்ச்சி இருநூறு மெகாபைட்டில் முடிந்திருந்தால், சிக்னல் பாதியில் போயிருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இன்னும் நுட்பமான அடையாளமும் உண்டு. டிஜிட்டல் ஒளிபரப்பு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. படம், ஒலி என்று ஒவ்வோர் ஓடைக்கும் சொந்தமாக ஒரு தொடர் எண் உண்டு. பொட்டலத்துக்குப் பொட்டலம் 0 முதல் 15 வரை ஓடித் திரும்பும். ஏழுக்குப் பின் பத்து வந்தால் நடுவே இரண்டு தொலைந்துவிட்டன. மரம் தழைத்ததா, காற்றில் ஆன்டெனா திரும்பியதா, இணைப்புக் கம்பி தளர்ந்ததா என்று இந்த எண் சொல்லாது. ஏதோ சரியில்லை என்பதை மட்டும் அந்த நிமிடமே சொல்லிவிடும். டிவிஹெட்எண்ட் இந்தப் பிழைகளை எண்ணி ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் குறித்துவைக்கிறது. நிகழ்ச்சி தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் இந்த எண்ணிக்கை தாறுமாறாக ஏறினால் கைபேசி அலறட்டும். அன்றிரவே வேறொரு நேரத்தில் மறுஒளிபரப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

எந்த எண்ணும் கண்டுபிடிக்காத கோளாறு ஒன்றும் இருக்கிறது. பொட்டலம் ஒன்றுகூடத் தவறாமல், அளவும் சரியாக, பளிச்சென்று பதிவாகியிருக்கும். ஆனால் வேறு நிகழ்ச்சி. அமெரிக்காவில் இதற்கு முக்கியக் காரணம் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து. இந்தச் சிக்கலின் தொடக்கக் கதையே ஓர் அறிவிப்பு போய்ச்சேராத கதைதான். 1968 நவம்பர் 17 அன்று ஓக்லாண்ட் ரெய்டர்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில், மணி ஏழானதும் என்பிசி தொலைக்காட்சி நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ‘ஹைடி’ என்ற குழந்தைகள் படத்தைப் போட்டது. அப்போது 32-29 என்று ஜெட்ஸ் முன்னிலை. பார்வையாளர்கள் காணாத அந்த மிச்ச நேரத்தில் ரெய்டர்ஸ் இரண்டு டச்டவுன் அடித்து 43-32 என்று வென்றது. நிறுவனத்தின் மேலதிகாரிகள் ஆட்டத்தை முடியும்வரை காட்டுவது என்று கடைசி நேரத்தில் முடிவெடுத்திருந்தார்கள். அதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல அவர்களால் முடியவில்லை. பொதுமக்களின் அழைப்புகளால் தொலைபேசி இணைப்பகம் திணறிக்கொண்டிருந்தது. முக்கியமான ஒரே செய்தி, முக்கியமில்லாத ஆயிரம் செய்திகளின் பின்னால் வரிசையில் நின்றது. அதன்பிறகு என்பிசி இதற்கென்று தனித் தொலைபேசியே வைத்துக்கொண்டது.

ஆட்டத்தை முழுதாகக் காட்டுவது வழக்கமான பிறகு, சிக்கல் மறுபக்கத்துக்குத் தாவியது. ஞாயிறு மாலை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஆட்டம் நீண்டால் ஏழு மணிக்குரிய ‘60 மினிட்ஸ்’ தள்ளிப்போகும். அதன் பின்னுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியும் தள்ளிப்போகும். அட்டவணையை நம்பிய இயந்திரம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியோடு தொடங்கி, கதையின் உச்சத்துக்கு முன் நின்றுவிடும். 2010-களில் சிபிஎஸ்ஸே ‘ஐ-லெர்ட்’ என்ற பெயரில், இன்றிரவு நிகழ்ச்சிகள் இவ்வளவு நேரம் தாமதம் என்று மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தத் துறையில் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று பார்வையாளருக்குச் செய்த உருப்படியான உதவிகளில் இதைச் சேர்ப்பேன். படித்தவர் கைபேசியிலிருந்தே பதிவு நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். செய்ய நேரம் இருக்கும்போதே செய்தி வந்துவிடுகிறது.

இதே சிக்கலை ஜெர்மானியர்கள் மனிதரையே நடுவில் நிறுத்தாமல் 1985-இல் தீர்த்திருந்தார்கள். விபிஎஸ் என்ற முறையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதன் முதல் திட்ட நேரமே அடையாளக் குறியாக ஒளிபரப்போடு மறைவாக வரும். எட்டேகால் நிகழ்ச்சி ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனாலும் குறி எட்டேகால் என்றே இருக்கும். குறி வரும்போது நாடா ஓடும், போனதும் நிற்கும். பிரிட்டனில் பிடிசி என்ற பெயரில் இதன் உறவினர் வந்தது. விடிஆர் இன்றும் இந்த நேரக்குறியைப் பின்பற்றத் தெரிந்தது. ஒளிபரப்பு இயந்திரத்தோடு நேரடியாகப் பேசினால் கைபேசியைத் தொந்தரவு செய்யவே தேவையில்லை. நல்ல அறிவிப்பு அமைப்பைத் தேடுபவர், முதலில் தேவையற்றுப்போகும் அறிவிப்புகள் எவை என்று தேடவேண்டும்.

இவ்வளவும் இயந்திரம் உயிரோடு இருக்கும்வரை. அது செத்துவிட்டால்? மின்சாரம் போனபின் கணினி எழவில்லை, வட்டு பழுதாகிவிட்டது, வீட்டு இணையமே இல்லை. ‘நான் விழுந்துவிட்டேன்’ என்று விழுந்தவன் எப்படிச் செய்தி அனுப்புவான்? வீட்டு அமைப்புகளில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இதுதான். செய்தி வராததை எல்லாம் நலமே என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கான தீர்வு நம் தெருவில் ஏற்கெனவே உண்டு: இரவுக் காவல்காரரின் விசில். விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் எழுவதில்லை. கேட்காவிட்டால்தான் யோசனை வருகிறது. கணினியுலகில் 2015 முதல் நடந்துவரும் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் செய்வது இதையே. வீட்டு சர்வர் ஒரு குறித்த இடைவெளியில் வெளியே உள்ள ஒரு முகவரியைத் தட்டிவிட்டு வரவேண்டும். தட்டல் நின்றால், வெளியே இருப்பவர் நம்மை எழுப்புவார்.

இந்தக் காவல் திடீர்ச் சாவுக்கு மட்டும் அல்ல, மெல்லச் சாவுக்கும் வேண்டும். நிகழ்ச்சி அட்டவணை தினமும் இறங்குகிறது. ஒருநாள் கடவுச்சொல் காலாவதியாகி இறங்காமல் போகிறது. அன்று எதுவும் நடக்காது. மறுநாளும் நடக்காது. கையிருப்பில் பதினான்கு நாள் அட்டவணை இருக்கிறதே. அது தீரும் நாளில் பதிவுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகும், ஒரு பிழைச் செய்தியும் இராது; பதிவு செய்ய எதுவும் இல்லை என்றே இயந்திரம் நினைத்துக்கொண்டிருக்கும். இலவசமாக அட்டவணை கொடுத்துவந்த ஜாப்2இட் லேப்ஸ் 2007 செப்டம்பரில் மூடப்பட்டபோது, முன்கூட்டியே அறிவிப்பு இருந்ததால் மென்பொருள்காரர்கள் சேர்ந்து ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாபநோக்கமற்ற அமைப்பைத் தொடங்க அவகாசம் கிடைத்தது. வீட்டில் நடக்கும் சிறு மூடல்களுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அட்டவணை இறங்கும் வேலை வெற்றியாக முடிந்தால் மட்டும் விசில் ஊது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என்னைக் கேட்டால், ஒரே ஓர் அறிவிப்புதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

ஒன்று போதும் என்று யாரும் நிறுத்துவதில்லை என்பது வேறு விஷயம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்தின் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. எது முக்கியம் என்று பிரித்தறிய ஊழியர்களால் முடியவில்லை. தொலைக்காட்சிப் பதிவு அணு உலை அல்லதான். ஆனால் நாளுக்குப் பத்து ‘முடிந்தது’ வரும் கைபேசியில் பதினோராவதாக வரும் ‘தோல்வி’யைக் கட்டைவிரல் பழக்கத்தில் தள்ளிவிடும். கைபேசி நிறுவனங்களும் சும்மா இல்லை. ஆண்ட்ராய்டு 2015 முதல் உறங்கும் கைபேசியில் பின்னணி வேலைகளைக் கட்டிப்போடுகிறது, 2022 முதல் அறிவிப்புக்கே அனுமதி கேட்கவைக்கிறது. ஐபோன் 2021 முதல், நாம் விரும்பினால், அவசரமில்லாதவற்றை மூட்டைகட்டிக் குறித்த நேரத்தில் தருகிறது. புஷ்ஓவரில் செய்திக்கு ஐந்து படிநிலைகள் உண்டு. அடிமட்டத்தில் சத்தமே வராது. உச்சத்தில், பெற்றவர் ஒப்புக்கொள்ளும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதிகபட்சம் மூன்று மணி நேரம். சீரியலுக்கு அந்த உச்சப் படியைக் கொடுத்து இரவு இரண்டு மணிக்குக் குடும்பத்தை எழுப்பியவர்கள் இருக்கக்கூடும். அந்த வீட்டில் அதன்பின் அறிவிப்பே இருந்திராது.

குடும்பம் என்றதும் இன்னொன்று. எல்லார் கைபேசிக்கும் எல்லாம் போகவேண்டியதில்லை. விளையாட்டு ரசிகருக்கு ‘பதிவு முப்பது நிமிடம் நீட்டிக்கப்பட்டது’ என்ற அப்பாவிச் செய்தியே, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று என்ற ரகசியத்தைப் போட்டுடைத்துவிடும். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கு ஒரு வகைச் செய்தி, பார்ப்பவருக்கு வேறு வகை. இதைப் பிரித்துவைத்த மென்பொருளை நான் அதிகம் கண்டதில்லை.

நாம் என்ன பார்க்கிறோம் என்பதும் அந்த ஒற்றைக் குழாய் வழியே வெளியே போகிறது. அமெரிக்கா இதைப் பற்றி முன்பே கவலைப்பட்ட நாடு. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த வீடியோக்களின் பட்டியலை 1987-இல் ஒரு பத்திரிகை வெளியிட, மறு ஆண்டே வீடியோ அந்தரங்கத்துக்கென்று சட்டம் வந்தது. 2023 டிசம்பரில் செனட்டர் ரான் வைடன் எழுதிய கடிதத்தால், அரசுகள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் புஷ் அறிவிப்பு விவரங்களைக் கேட்டுப்பெறுவது வெளியே தெரிந்தது. சொந்த சர்வர் வைத்துக்கொண்டால் தப்பலாமா? ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முடியும். கோட்டிஃபை தன் சொந்த இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், பேட்டரிதான் கொஞ்சம் விலை கொடுக்கும். ஐபோனில் ஆப்பிளைச் சுற்றிப்போக வழி கிடையாது. என்டிஎஃப்ஒய் ஒரு சமரசம் செய்கிறது: ஆப்பிள் வழியாக ‘உனக்கொரு செய்தி இருக்கிறது’ என்ற தட்டல் மட்டும் போகும், உள்ளடக்கத்தைக் கைபேசி நேராக வீட்டு சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அதன் பொதுச் சர்வரில், நாம் வைக்கும் தலைப்புப் பெயரே கடவுச்சொல்; எளிய பெயராக வைத்தால் எவரும் ஊகித்து உட்கார்ந்து படிக்கலாம்.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் புதுவகைத் தோல்வி ஒன்று சேர்ந்திருக்கிறது. ஏடிஎஸ்சி 3.0 என்ற அடுத்த தலைமுறை ஒளிபரப்புக்கு மாறும் நிலையங்கள் பல, இலவசச் சேனல்களையே குறியாக்கம் செய்து அனுப்பத் தொடங்கியுள்ளன. சிக்னல் முழு வலுவில் இருக்கும், பொட்டலம் ஒன்றும் தவறாது, கோப்பும் உரிய அளவில் வளரலாம், திறக்கத்தான் முடியாது. சொந்தமாகக் கட்டிய அமைப்புகளுக்குச் சாவி கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தத் தோல்விக்கு வாரந்தோறும் அறிவிப்பு அனுப்பிப் பயனில்லை, பெறுபவர் செய்ய எதுவுமில்லை. அந்தச் சேனலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பழைய ஏடிஎஸ்சி 1.0 ஒளிபரப்பு அந்த ஊரில் இருக்கும்வரை அதிலேயே பதிவு செய்துகொள்ளவேண்டியதுதான்.